காது மடலில் ஓர் ஈர்க்குச்சி

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போனில் இன்னும் பட்டன் இருந்த காலம். கனகசெட்டிக்குளம் பக்கம் நான் வந்த ஆட்டோ கவிழ்ந்ததில் என் இடது காது போய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதுச்சேரி வெயிலில் தலையை விரித்துப் போட்டு மறைத்துக்கொண்டு, ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகாமல் வீட்டில் கிடந்தவள் நான்தானே!

சிலிக்கானில் காது செய்து ஒட்டலாம் என்று முகத்துக்குச் செயற்கை உறுப்பும் செய்கிற ஒரு பல் டாக்டர் சொல்லி, முதலில் அளவெடுக்கத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். பாட்டில் மூடிக்கு அச்சு செய்கிற இடம். மூடிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இன்ஜினீயர் பெண் என்னைவிடச் சின்னவர். வலது காதை அளந்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பினால் இடது காது கிடைத்துவிடும் என்றார்.

"அக்கா, காதுல இருக்கிற குச்சிய எடுத்துடுறீங்களா?"

ஒற்றைக் காதில் தோடு போட மனசு வரவில்லை. ஆனால் துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று துடைப்ப ஈர்க்குச்சி செருகியிருந்தேன். கூச்சத்தோடு உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

சிவப்பு வெளிச்சம் ஒன்று என் முகத்திலும் காதிலும் ஊர்ந்தது. திரையில் ரவையைக் கொட்டியதுபோல் புள்ளிகள் வந்தன. அவையெல்லாம் சேர்ந்து என் முகமாகவும் ஒரு காதாகவும் ஆயின. காதைத் திருப்பி, திரையிலிருந்த என் முகத்தின் இடது பக்கம் பொருத்தினார். என் காதேதான்! அழுதுவிட்டேன்.

ஆனால் அவர் முகம் மாறியது. "இருங்கக்கா, தப்பாயிடுச்சி."

சின்ன ஓட்டை எதைப் பார்த்தாலும், அளவெடுத்ததில் கோளாறு என்று கம்ப்யூட்டர் தானாகவே அடைத்துவிடுமாம். தோட்டுத் துளையே இல்லாமல் மடல் மொழுமொழுவென்று இருந்தது.

"பரவால்லமா, ஒட்டுக் காதுதானே" என்றேன்.

"அப்புறம் எதுக்குக்கா குச்சி வெச்சிருந்தீங்க?"

கைக்குள் இருந்த குச்சியைப் பார்த்தேன். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தத் துளையை மட்டும் தொடாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிச் சொல்லி, வலதில் இருக்கும் அதே உயரத்தில் இடதிலும் கொண்டுவந்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே மேஜையில் கிடந்தது. என்ன பெண் இவள் என்று அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

சிலிக்கான் காது வந்த அன்றே தலையைப் பின்னி, இரண்டு காதிலும் தோடு போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். வாங்க ஒன்றும் இல்லை, சும்மாதான்.

எனக்குக் காது இல்லாததை ஊரே பார்த்தது. தோடு போடும் ஆசை இன்னும் இருந்ததைப் பார்த்தவர் அந்தப் பெண் ஒருவர்தான் என்பதை, தினமும் காலையில் இடது தோட்டின் திருகாணியைத் திருகும்போது நினைத்துக்கொள்கிறேன்.