குழியை அடைத்த அண்ணன்

என் கணவரின் தங்கை கலாஜினி வீட்டில் ஒரு கறியைக்கூடக் கிண்டமாட்டாள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாக அலுமினியத்தைக் கிண்டுகிறாள். மண்டூரில் யாராவது அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால், மாமி "ஏதோ தகட்டு வேலையாம்" என்று பேச்சை மாற்றிவிடுவார். கூரைத் தகடு மலிவாகக் கிடைக்குமா என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

நானும் அவளைச் சீண்டுவேன். மச்சாள் என்றால் அதற்குத்தானே. ஆனாலும் கேட்காமலே அவள் சொல்லியதில் கொஞ்சம் என் காதில் ஏறியிருக்கிறது. வார்ப்பு அலுமினியம் பாரம் குறைந்தது, ஆனால் வளைத்தால் உடையும். உள்ளே ஊசி ஊசியாகச் சிலிக்கனும் நுண்துளைகளும் கிடப்பதால் அப்படியாம். இவள் சுழலும் உருக்கு முனையொன்றைத் தகட்டில் அழுத்தி ஓட்டுகிறாள். உராயும் சூட்டில் உலோகம் உருகாமலே பிசைந்த மாவுபோல இளகிக் கலக்கிறது. ஊசிகள் பொடியாகும், துளைகள் மூடிவிடும், முனை ஓடிய இடம் உடையாமல் வளையும். முனையைத் தூக்கும் இடத்தில் மட்டும் ஒரு குழி மிஞ்சும்.

திங்கட்கிழமை பரீட்சகர்கள் முன்னால் அந்தத் தகட்டை வளைத்துக் காட்டவேண்டும். உடைந்தால் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். நன்றாக வந்தது அந்த ஒரு தகடுதான். அதைத் தாய்க்குக் காட்டவென்று சனிக்கிழமை கொண்டுவந்தாள். மாமி திருநீறு பூசிச் சாமிப்படத்தடியில் வைத்தார்.

என் கணவர் துசாந்தனுக்குக் கண் அந்தக் குழியில். கல்யாணம் கட்டி என் வீட்டுக்கு வந்த பிறகும் தங்கச்சியின் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போகிறவர் அவர். ஒருவருக்கும் சொல்லாமல் தகட்டை எடுத்துக்கொண்டு படகில் வாவியைக் கடந்தார். சீனித்தம்பியின் வெல்டிங் கடையில் குழியை அடைப்பித்து, அரத்தால் பளபளவென்று ராவி, மாப்பிள்ளைபோல வந்து நின்றார்.

"ஓட்டையோட கொண்டு போனா புள்ளைய என்ன நினைப்பாங்க? இப்ப பாருங்க, ஒரு குறையும் இல்ல."

"உருக்கிட்டீங்களா அண்ணன்?" என்று கேட்ட கலாஜினி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். உருக்கிய இடம் பழையபடி உடையும். சூடு பரவியிருந்தால் தகடு முழுவதும் கெட்டிருக்கும். "மச்சாள், இவரைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்கு வெறுஞ்சோறுதான் போட்டேன்.

திங்கட்கிழமை நாங்களும் போனோம். பரீட்சகர்களிடம் தானே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அவருக்குப் பிடிவாதம். வேட்டி வேறு கட்டியிருந்தார். அவரைப் பேசவிடாமல் கலாஜினியே நடந்ததைச் சொல்லிவிட்டாள். இயந்திரம் தகட்டை அழுத்தியது. அடைத்த இடத்தில் பட்டென்று உடைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சத் துண்டை மறுபடி வைத்தார்கள். அது மெல்ல மெல்ல வளைந்து கொக்கிபோல நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. பரீட்சகர்கள் தலையாட்டினார்கள். பட்டம் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது படகில் என் கணவர் இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் அடைச்ச இடம் உடைஞ்சி போச்சி. உன்ட பக்கம் ஏன் உடையல்ல?"

மூன்று வருடத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவர் அவளுடைய வேலையைப் பற்றி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பரீட்சகர்கள் முன்னால் கணீரென்று பேசியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இஞ்ச வாங்க அண்ணன், வெளிச்சத்துக்குப் பிடிங்க" என்று உடைந்த முனையைக் காட்டினாள். படகு கரை தட்டி எல்லோரும் இறங்கிய பிறகும் அவர்கள் இருவரும் எழும்பவில்லை.