கோட்டைக்குள் இல்லாத கிணறு

எனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஏழாம் வகுப்பு படிக்கிற மகள் இருக்கிறாள். ஆனாலும் இந்த நாட்டில் நான் பேச்சிலர். பெண்டாட்டி பிள்ளையைக் கூட வைத்திருப்பவன் ஃபேமிலி, ஊரில் விட்டுவிட்டு வந்தவன் பேச்சிலர். எங்கள் ரூமில் ஆறு பேச்சிலர்கள் இருக்கிறோம். ஆறு பேருக்கும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள். மூத்தவருக்குப் போன மாதம் பேரன் பிறந்து, அதற்குப் பேச்சிலர்கள் எல்லோரும் சேர்ந்து பாயசம் வைத்தோம். முதன்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு வயது குறைந்தது போல இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது. பூங்கா வாசலில் நின்றபோதுதான் முழு அர்த்தமும் தெரிந்தது.

வந்த புதிதில் ஷார்ஜா முவைலாவில் கேம்ப். ஆறே மாதத்தில் கம்பெனி எங்களைத் தெற்கே, மலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு மாற்றியது. அரசாங்கக் கட்டடங்களுக்கு ஏசி பார்க்கிற வேலை. ஊர் சின்னதுதான் என்றாலும், பார்க்க வேண்டிய இடங்களுக்குக் குறைவில்லை. சாலையெங்கும் அவற்றுக்கு வழிகாட்டும் பழுப்பு நிறப் பலகைகள் வைத்திருப்பார்கள். ஒரு மண்கோட்டை, மலைமேல் இரண்டு காவல் கோபுரங்கள், ஒரு பழைய மசூதி, பேரீச்சந் தோப்புக்குள் ஓடும் வாய்க்கால், ஒரு பூங்கா. ரூமில் படுத்துக் கிடந்தால் மனம் கண்டதையும் நினைக்கும் என்பதால், முதல் லீவு நாளிலேயே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பூங்கா வாசலில் நேபாளத்து செக்யூரிட்டி என்னை நிறுத்தி, “ஃபேமிலி?” என்றார். ஊரில் இருக்கிறது என்று சொல்லி, போனில் படம் காட்டினேன். அவர் அவசரப்படாமல் படத்தைப் பார்த்தார். குழந்தை அழகாக இருக்கிறது என்றார். தனக்கும் இரண்டு பிள்ளைகள் என்றார். பிறகு, ஃபேமிலி இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் பேச்சிலர்தான், சம்பளம் கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கிருந்து நேராகக் கோட்டைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. நிழலில் ஒரு தாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வலது கையின் ஐந்து விரல்களையும் நுனியில் சேர்த்துக் குவித்து, இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டினார். முகத்தில் சிரிப்பில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு வாசலிலிருந்து திரும்பியவனுக்கு அதை விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை. இங்கேயும் ஃபேமிலி கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, சுவருக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வார லீவு முன்பு வெள்ளிக்கிழமை, இப்போது ஞாயிற்றுக்கிழமை. பூங்கா கம்பிவேலிக்கு வெளியே ஒரு படம், கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு படம், காவல் கோபுரம் தெரிகிற மாதிரி ரோட்டிலிருந்து ஒரு படம். எல்லாம் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற என் வீட்டுக்குப் போகும். மகள் தேன்மொழி வளர வளர, படத்தோடு அவளுக்குப் போதவில்லை. உள்ளே என்னப்பா இருக்கு என்று கேட்க ஆரம்பித்தாள். உன் அப்பனை உள்ளே விடமாட்டார்கள் என்று எட்டு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பெரிய முற்றம் இருக்கு, பீரங்கி இருக்கு என்றேன். அப்புறம் என்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நடுவில் ஒரு கிணறு, வட்டமான கிணறு, தண்ணி எடுக்கத் தனியாக ஒரு வாசல், அதற்குள் படி இறங்கிப் போகும் என்றேன்.

அந்தக் கிணறு நான் கற்பனை செய்ததுகூட இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பழைய பெரிய கோயில் ஒன்று உண்டு. அங்கே சிங்கத்தின் உடம்புக்குள் வாசல் வைத்து, படி இறங்குகிற மாதிரி ஒரு கிணறு கட்டியிருக்கிறார்கள். உள்ளே போக யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புல்தரையில் புளிசாதம் தின்றுவிட்டுக் கை கழுவாமலே அந்தப் படியில் இறங்கியிருக்கிறோம். புல்லில் உட்காராதே என்று வாட்ச்மேன் கத்துவார். எழுந்து பத்தடி தள்ளிப் போய் அதே புல்லில் உட்காருவோம். அந்தக் கிணற்றைத்தான் தூக்கிக்கொண்டு வந்து அரபிக் கோட்டைக்குள் வைத்தேன். சிங்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

ஏழாம் வகுப்புக்கு வந்ததும் தேன்மொழி அதைக் கட்டுரையாக எழுதிவிட்டாள். ‘என் அப்பா வேலை செய்யும் ஊர்’ என்று தலைப்பு. பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லி, கைதட்டி, நோட்டீஸ் போர்டிலும் ஒட்டிவிட்டார்கள். இந்த வருடம் என் மனைவி மலர் முப்பது நாள் விசிட் விசாவில் கிளம்பியபோது, மகளுக்குப் பரீட்சை இருந்ததால் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அவளிடம் மகள் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. டீச்சர் கிணற்றுப் படம் கேட்கிறார், மறக்காமல் எடுத்து வரவேண்டும். ஏர்போர்ட்டில் பெட்டியை என் கையில் கொடுக்கும்போதே மலர் அதைச் சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்த்த சந்தோஷம் டாக்ஸி ஸ்டாண்டு வரைக்கும்தான் நீடித்தது.

ஃபோர்மேன் லீவில் கேரளாவுக்குப் போனதால் அவர் வீட்டுச் சாவி எனக்குக் கிடைத்திருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றேன். இரண்டாவது ஞாயிறு வெயில் என்றேன். மூன்றாவது ஞாயிறு மலர் காலை ஏழு மணிக்கே பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இனி தப்பிக்க முடியாது என்று தெரிந்தது. பெண்டாட்டி கூட இருப்பதால் கோட்டைக்குள் விடுவார்கள். உள்ளே போனால் கிணறு இருக்காது. மகள் முன்னால் நான் பொய்யன் ஆவேன். நடந்து போகிற வழியெல்லாம், கிணற்றை மூடிவிட்டார்கள் என்று சொன்னால் மலர் நம்புவாளா என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

அதே தாடிக்காரர். தாடி மட்டும் வெளுத்திருந்தது. முராத் என்று பெயர், பலூசிஸ்தான்காரர் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அதே மாதிரி விரல்களைக் குவித்து ஆட்டினார். நான் பழக்கத்தில் திரும்பிவிட்டேன். மலர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த மனிதர் எழுந்து, பக்கத்து அறைக்குப் போய், ஒரு முழ நீளச் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்து, வெகுநாளாகக் கேட்க நினைத்தது போல, “பாய், உஸ் தின் தும் கிதர் சலா கயா?” என்றார். அன்றைக்கு நீ எங்கே போய்விட்டாய் என்று கேட்கிறார். அன்றைக்கு என்றால் பதினோரு வருடத்துக்கு முன்னால்.

என் அரைகுறை ஹிந்தியில் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் விளங்கியது. விரலைக் குவித்தால் கொஞ்சம் பொறு என்று அர்த்தமாம். அன்றைக்கும் பொறு என்று சொல்லிவிட்டுத்தான் சாவி எடுக்கப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் ஆளில்லை. அப்புறம் ஒவ்வொரு வாரமும் வந்து சுவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறேன். இந்த ஆளுக்குச் சுவர்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று அவரும் தொந்தரவு செய்யவில்லை. ஃபேமிலி வேண்டாமா என்று கேட்டேன். கோட்டைக்கு எதற்கு ஃபேமிலி என்றார்.

உள்ளே முற்றம் இருந்தது. பீரங்கி இல்லை. பேரீச்சம்பழ மூட்டைகளை அடுக்கிப் பாகு வடியவிடுகிற ஓர் இருட்டு அறை, ஒரு ஏணி, தரையில் ஒரு பாய். கிணறு இல்லை. மலர் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் மூடிவிட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“தேடலங்க. கட்டுரையப் படிச்ச அன்னைக்கே தெரியும், அது நம்ம ஊரு கெணறுன்னு. சிங்கத்த மட்டும் உட்டுட்டீங்க” என்றாள்.

பிறகு வெளியே சுவரைக் கைகாட்டி, “பதினோரு வருசமா இங்கதான் நின்னீங்களா?” என்று கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முராத் பாய் மரியாதையாக ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பூங்காவுக்குப் போனோம். அதே செக்யூரிட்டி மலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஃபேமிலி வந்துவிட்டதா?” என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்து வழிவிட்டார். உள்ளே ஊஞ்சல், புல், சிமெண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய். மலர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “இதுக்கா?” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் எழுந்து வர மனம் வரவில்லை. புல்லில் உட்காரலாமா என்று யாரையும் கேட்காமல் உட்கார்ந்தேன்.

முப்பது நாள் முடிந்து மலர் போனாள். மகளிடம் நீங்களே சொல்லிக்குங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றிரவே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். விரல் கதையையும் சொன்னேன். தேன்மொழி ம் என்று சொல்லி போனை வைத்தாள். நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. கட்டுரையை போர்டிலிருந்து அவளே எடுத்துவிட்டதாக மலர் சொன்னாள். நான்கு நாளும் எனக்கு ஒரு வாய் சோறு சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா வழியாகப் போனேன். “ஃபேமிலி?” என்றார் செக்யூரிட்டி. போய்விட்டது என்றேன். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி பேச்சிலர் ஆகிவிட்டேன். கோட்டைக்குப் போனதும் முராத் பாய் விரலைக் குவித்தார். நின்றேன். உள்ளே முற்றத்தில் பாலில்லாத சுலைமானி டீ ஊற்றிக் கொடுத்தார். பாதி குடிக்கும்போது வீடியோ கால் வந்தது, தேன்மொழி. முகத்தைக் காட்டவில்லை. திரையில் வெயில், புல், பிறகு சிங்கம். அதன் பக்கத்தில் கிணறு.

“கெணத்து போட்டோ டீச்சருக்கு எடுத்துட்டேன்ப்பா. கட்டுரையத் திருத்தி எழுதிட்டேன். நீ எங்க இருக்க?”

கோட்டைக்குள் என்றேன். காட்டு என்றாள். போனை முற்றத்தின் நடுவில், நான் கிணறு இருப்பதாகச் சொன்ன இடத்துக்கு நேராகப் பிடித்துச் சுற்றிக் காட்டினேன். எனக்குத் திரையில் கிணறு தெரிந்தது, அவளுக்கு வெறும் தரை. படி இறங்கிக் காட்டு என்றேன். இப்பல்லாம் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிட்டாங்கப்பா, யாரையும் உள்ள விடுறதில்ல என்றாள். கம்பிக்கு வெளியே நின்று அவளும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

முராத் பாய் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். என் ஊர் என்றேன். பெண் ஏன் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறாள் என்று கேட்டார். விடமாட்டார்கள் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்கேயும் ஃபேமிலி கூட இருக்கணுமா?” என்றார்.