பெரிஹானின் இறகுத்தூண்டில்கள்

என் தங்கை பெரிஹான் போட்ட முடிச்சை அவிழ்க்க ஒரே வழிதான் உண்டு: கத்திரிக்கோல். அவள் என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷமாகத் தையல்காரருக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறேன். நூல் எங்கே தளரும், எங்கே தாங்கும் என்று என் விரலுக்குத் தெரியும். பெரிஹானின் கட்டு தளர்ந்து நான் பார்த்ததில்லை.

அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். ஜலசந்திக் கரையிலுள்ள பெய்கோஸில், படகுத்துறைக்கு மேலே ஏறும் சரிவில், முதல் மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். பதினேழு வயதிலிருந்து அவள் ஒரு செருப்புப் பட்டறையில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பசையின் வாடை முதலில் அவள் உடுப்பில் இருந்தது, பிறகு தலைமுடியில், பிறகு நெஞ்சில். முப்பது வயதுக்கு மேல் அவள் படியேறி வரும் சத்தத்தை நான் செருப்புச் சத்தத்தால் அறிந்ததில்லை. இருமலால்தான் அறிவேன்.

ஒரு குளிர்காலம் டாக்டர் அவளை ஒரு மாதம் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஜலசந்தியில் போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் துறைக் கடையிலிருந்து ஓர் இறகுத்தூண்டில் வாங்கி வரச் சொன்னாள். நீளமான நைலான் நரம்பு, அதிலிருந்து கிளை கிளையாகப் பதினைந்து முள், முள்ளுக்கு ஓர் இறகு. எங்கள் கரையில் இதைச் சரம் என்போம். படகின் பின்னால் இழுத்தால் பொடிமீன் கூட்டம் ஓடுவதுபோல் தெரியும். துரத்தி வருகிற சூரை மீன் ஏமாந்து வாயைத் திறக்கும்.

மீன் பிடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைச் சமையலறை மேசைமேல் வைத்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துவிட்டாள்.

"காசு குடுத்து வாங்கினதுடி!"

"கட்டத்தான் போறேன், கத்தாத."

கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். ஏழாவது தடவை கட்டியதைப் பார்த்தபோது கடைக்காரன் கொடுத்ததைவிட நன்றாக இருந்தது. அவனுடைய முடிச்சுகளில் நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. இவளுடையதில் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று.

மாதம் முடிந்து பட்டறைக்குத் திரும்பிய பிறகும் மாலையில் கட்டினாள். முதலில் சேவல் கழுத்து இறகில், துறையில் நின்று பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு. பிறகு பெருவாத்தின் சிறகு இறகில், சூரைக்கு. பட்டறை கழித்துப்போட்ட ரப்பர் அடிகளைக் கொண்டுவந்து சரங்களை அவற்றில் சுற்றி வைப்பாள். கட்டின்மேல் நிறமில்லாத நகப்பூச்சு தடவுவாள். தன் நகத்துக்கு ஒருநாளும் பூசாதவள் மாதம் ஒரு குப்பி வாங்கியதால், கடைக்காரி கேட்டுவிட்டாளாம்: "யாருக்குடி இவ்ளோ அலங்காரம்?"

"சூரை மீனுக்கு."

ஒரு விஷயம் அவளாகவே கண்டுபிடித்தாள். வாத்தின் இடது சிறகு இறகு ஒரு பக்கம் வளையும், வலது சிறகு இறகு மறுபக்கம் வளையும். ஒரே சரத்தில் இரண்டையும் கலந்தால் இழுக்கும்போது நரம்பு முறுக்கிக்கொள்ளும். அதனால் இடதுக்கு ஒரு பை, வலதுக்கு ஒரு பை. தொழிற்சாலைச் சரத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. என் தங்கை பார்ப்பாள்.

படகுத் தலைவரை நாங்கள் ரெய்ஸ் என்போம். எங்கள் துறையில் தஹ்சின் ரெய்ஸ் போகிற திசையில்தான் மற்றப் படகுகள் போகும். ஓர் ஆகஸ்டில் அவர் பெரிஹானின் கட்டுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீசன் தொடங்கற செப்டம்பர் முதல் நாள் உன் சரத்தோடதான் போறேன். மீன் வந்தா நம்ம துறைப் படகெல்லாம் உன்கிட்டதான் வாங்கும். வரலன்னா கோச்சுக்கக் கூடாது."

ஒரு படகு ஒருவரின் கட்டை ஏற்றுக்கொண்டால், அந்தச் சரத்தில் விழுந்த முதல் சூரையை, சரம் கட்டியவரின் வீட்டுக் கதவுப் பிடியில் தொங்கவிட்டுப் போவார்கள். தட்ட மாட்டார்கள், சொல்ல மாட்டார்கள். மீன் தொங்கினால் துறை முழுவதும் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். எங்கள் கதவில் அது தொங்கினால் பெரிஹான் பசை வாடையிலிருந்து வெளியே வந்துவிடலாம். மறுநாளே பட்டறை மேஸ்திரியிடம், செப்டம்பரோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் படியேறியபோது இருமல் குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

மலைக்கு அப்பாலிருந்த கிராமத்தில் வாத்து வளர்க்கும் அம்மாளிடமிருந்து அவள் இரண்டு பை இறகு கொண்டுவந்தாள். வைக்கோல், மண், எச்சம், எல்லாம் ஒட்டியிருந்தது. வழக்கமாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பாள். அன்று நேரமாகிவிட்டதென்று சமையலறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். என் சமையலறையில் அந்த நாற்றம். நான் வாசற்படியைக்கூட தினம் பிளீச் தண்ணீரால் தேய்த்துக் கழுவுகிறவள். ஆனால் பிளீச் வாடை பெரிஹானின் நெஞ்சுக்கு ஆகாது. வீட்டுக்குள் பிளீச் எடுப்பதில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று எடுத்தேன். இடது இறகை ஒரு வாளியிலும் வலது இறகை இன்னொரு வாளியிலும் ஊறவைத்தேன், கலந்துவிடக் கூடாதே. மூன்று தடவை அலசினேன். விரிப்பின்மேல் வெயிலில் காயவைத்தேன். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். சாயந்திரம் இறகுகள் பனிபோல இருந்தன.

"யாரு கழுவினது?" என்றாள் வந்ததும்.

"வேற யாரு? நான்தான். எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு." ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சோப்பா?"

"சோப்புதான்."

அதிலேதான் இருபது சரம் கட்டினாள். ஒவ்வொன்றையும் தொட்டித் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். இறகு மூடித் திறந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் முதல் தேதி காலையில் ஐந்து தடவை கதவைத் திறந்து பிடியைப் பார்த்தேன். பத்து மணிக்குப் படகுகள் திரும்பும் சத்தம் கேட்டது. மதியம் படியில் காலடி கேட்டது. ஆனால் தட்டினார்கள். துறையில் ஐஸ் உடைக்கும் லுத்ஃபி நின்றிருந்தார். வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கையில் ஒரு சரம்.

"ரெய்ஸ் குடுக்கச் சொன்னாரு. பக்கத்துப் படகெல்லாம் மீனைக் கொட்டி வைக்க இடமில்லாம தவிக்குது. இவருக்கு மூணே மூணு. 'பொண்ணு கட்டின பூவை வெச்சுக்கிட்டு மாப்பிள்ளை ஊர்வலம் போனீங்களா ரெய்ஸ்'னு துறையே கேக்குது."

பெரிஹான் சரத்தை வாங்கி மேசைமேல் விரித்தாள். இறகுகளில் நடுத்தண்டு மட்டும் இருந்தது. பக்க இழைகள் பல்லுப்போன சீப்பு மாதிரி உதிர்ந்திருந்தன. மிச்சமிருந்தவையும் முள்ளோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிளீச்சில் ஊறி எத்தனை காலர் அப்படி இற்றுப்போய்ப் பார்த்திருக்கிறேன்!

"நூலை ரொம்ப இறுக்கிட்டேன் போல," என்றாள் அவள். பிறகு, "இல்ல, நகப்பூச்சு இறகுல ஏறியிருக்கும்."

நான் போய் அடுப்பில் தேநீர் வைத்தேன்.

மறுநாள் அவள் மேஸ்திரியிடம் போய், நிற்கவில்லை, தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மாலையில் ஒரு முள்ளை எடுத்துக் கட்டுவாள், வெட்டி எடுப்பாள், தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று நாள் இதை நான் பார்த்தேன். நான்காம் நாள் காலை உணவில் என்னால் முடியவில்லை.

"பெரி, அந்த இறகைச் சோப்புல கழுவல."

"பின்ன?"

"பிளீச்சுல."

ரொட்டியில் வெண்பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எவ்ளோ நேரம்?"

"காலைல எட்டுக்குப் போட்டேன். நாலுக்கு எடுத்தேன்."

"தரை துடைக்கிற அளவா, பாத்திரம் கழுவற அளவா?"

"கக்கூஸ் கழுவற அளவு."

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "சூரை மீனுக்கு நாம கக்கூஸைக் கழுவிக் காட்டியிருக்கோம்," என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூணு நாளா நான் என் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேன், அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கோட்டை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டாள்.

நான் என் சாம்பல் நிறக் கோட்டை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டேன். அந்தச் சரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு துறையோரத் தேநீர்க்கடைக்குப் போனேன். அது ஆண்கள் உட்காருகிற இடம். நாற்பத்தைந்து வருஷத்தில் நான் அதன் வாசலைத் தாண்டியதில்லை.

"வாங்க நெஸிஹே அக்கா!" என்றார் லுத்ஃபி. "தரையைக் கழுவ வந்தீங்களா? காலைத் தூக்கிக்கறோம்."

"சும்மா இருங்க லுத்ஃபி," என்றேன். தஹ்சின் ரெய்ஸ் மூலையில் இருந்தார். நின்றபடியே சொன்னேன்: "ரெய்ஸ், தப்பு என் தங்கச்சி மேல இல்ல. இறகை நான்தான் நாள் பூரா பிளீச்சுல ஊறவெச்சேன். அவகிட்ட சோப்புன்னு பொய் சொன்னேன்."

சீட்டாட்டம் நின்றது. என் காது சூடாவது எனக்கே தெரிந்தது.

"அதானே பாத்தேன்!" என்றார் லுத்ஃபி. "மீனெல்லாம் தும்மிக்கிட்டே ஓடிச்சு!"

கடையே சிரித்தது. ரெய்ஸ் சிரிக்கவில்லை. நான் காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். "இறகு போயிடுச்சு. கட்டைப் பாருங்க. பதினஞ்சுல ஒண்ணாவது நகர்ந்திருக்கா? இழுத்துப் பாருங்க."

அவர் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக இழுத்தார். நரம்பு அவர் உள்ளங்கையில் கோடு போட்டது. கட்டு அசையவில்லை. பதினைந்தையும் இழுத்து முடித்த பிறகுதான் பேசினார்.

"ஒரே ஒரு சரம் தரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை போறேன். அப்பறம் இன்னொரு விஷயம். அந்த பிளீச் இன்னும் வீட்ல இருக்கா?"

"இருக்கு."

"ஞாயிறு வரைக்கும் பூட்டி வைங்க."

அன்று பெரிஹான் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் லுத்ஃபி சரிவின் பாதியிலேயே அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். "ஊரே சிரிக்குது," என்றாள் உள்ளே வந்ததும். "நானே போய், இறகு சரியில்ல, வேற கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்க மாட்டேனா? உன் பேரை எதுக்கு இழுத்து விட்ட?"

"என் பேரு இருக்க வேண்டிய இடம் அதுதான்டி."

அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கோபம் போனதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை முதல் பேருந்தில் கிராமத்துக்குப் போய் ஒரே ஒரு பறவையின் இரண்டு சிறகோடு வந்தாள். அந்த அம்மாளிடம் அவ்வளவுதான் இருந்ததாம். எச்சத்தோடும் வைக்கோலோடும் என் மேசைமேல் கொட்டினாள். குளிர்ந்த தண்ணீரில் ஓர் அலசல், அவ்வளவுதான். இடதையும் வலதையும் நான் பிரித்துக் கொடுத்தேன். கை நாறியது. கழுவப் போகவில்லை. வலதில் நல்லது பதினொன்றுதான் தேறியது. இடதில் சரியாகப் பதினைந்து; அதிலேயே ஒரு சரம் கட்டினாள். அவள் தொட்டித் தண்ணீரில் இரண்டு தடவை அல்ல, அரைமணி நேரம் அந்தச் சரத்தை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரப்பர் அடியில் சுற்றி, என்னிடம் கொடுக்காமல், தானே துறைக்குக் கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசற்படியை வெறும் தண்ணீரால் கழுவினேன். பெரிஹான் ஜன்னல் பக்கமே போகவில்லை. பருப்பில் கல் பொறுக்கினாள். பொறுக்கியதையே மறுபடி பொறுக்கினாள். பதினோரு மணி இருக்கும், படியில் கனமான காலடி ஏறியது. நின்றது. இறங்கிப் போனது. யாரும் தட்டவில்லை.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "நீ திற," என்றாள்.

கதவுப் பிடியில், சிவப்பு நூலில், முழங்கை நீளச் சூரை ஒன்று தொங்கியது. முதுகில் கருநீலக் கோடுகள் இன்னும் பளபளத்தன. வாய் ஓரத்தில் ஒரு முள்ளையும் இறகையும் நரம்போடு வெட்டி அப்படியே விட்டிருந்தார் ரெய்ஸ்.

பெரிஹான் மீனைப் பார்க்கவில்லை. குனிந்து அந்த இறகைத்தான் பார்த்தாள். விரலால் நீவினாள், ஊதினாள். ஈர இறகு விரிந்தது. ஓர் இழை குறையவில்லை.

"ம்," என்றாள். பிறகு மீனை இறக்கிக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அக்கா, மேஸ்திரி நாளைக்கு என்ன சொல்வாருன்னு நினைக்கற?"

"போன மாசம் நிக்கறேன்ன, அப்பறம் நிக்கலேன்ன, இப்ப மறுபடி நிக்கறேங்கறன்னு சொல்வாரு."

"சொல்லிட்டுப் போகட்டும்."

மீனிலிருந்து சொட்டிய ரத்தம் வாசற்படியின் வெள்ளைக் கல்லில் மூன்று பெரிய துளியாக விழுந்திருந்தது. துணியை எடுத்துக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றேன். மேல் மாடிக்குப் போகிறவர்கள் அந்தப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும்; பார்க்கட்டும். துணியை மடித்து உள்ளே வைத்தேன். சாயந்திரம் ஐந்து மணிவரை அதை நான் துடைக்கவில்லை.