ஆடியது கேமரா இல்லை

படம் ஆடுகிறது என்றுதான் முதலில் புகார் வந்தது. ஸ்டாப் மோஷன் எடுக்கிற கேமராமேனுக்கு அதைவிடக் கெட்ட புகார் கிடையாது.

அதுவரை நான் கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். கல்வராயன் மலை ஊர்களில் சுகாதார வேலை செய்துவந்த ஒரு தொண்டு நிறுவனம், பாம்புக்கடியைப் பற்றி ஒரு பொம்மைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டது. பஸ் போகாத ஊர்களில் பாம்பு கடித்தால் கடிவாயைக் கட்டுவது, கீறுவது என்று நேரம் போய்விடுகிறது. நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லவேண்டும். பேச்சை விடப் படம் நன்றாக ஏறும் என்று நினைத்தார்கள்.

கதை சின்னது. மரவள்ளிக் காட்டில் ஒரு சிறுமியைப் பாம்பு கடிக்கிறது. அப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி, ரோட்டைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அவள் கண் விழிக்கிறாள். அவ்வளவுதான்.

பொம்மைகளைச் செய்தவளும் அசைத்தவளும் அம்சவல்லி. மணலூர்பேட்டைக்காரி. ஒரு நர்சரிப் பள்ளியில் கைவேலை டீச்சராக இருந்தவள். அலுமினியக் கம்பியில் எலும்பு கட்டி, மேலே களிமண் பூசி, அப்பனை அவள் செய்து முடித்த அன்று, அந்த முகத்தைப் பார்த்து நான் எனக்குத் தெரிந்த யாரோ என்று யோசித்தேன். அவள் சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரருண்ணா. மீசைய மட்டும் எடுத்துட்டேன். சொல்லிடாதீங்க."

அரிசி ஆலைக்குப் பக்கத்தில்

எங்களுக்குக் கிடைத்த இடம் ஊருக்கு வெளியே ஒரு பழைய குடோன். இரண்டு சுவர் தள்ளி மாடர்ன் ரைஸ் மில். மில் ஓடும்போது தரையில் உள்ளங்கையை வைத்தால் பூனை வயிற்றைத் தொட்ட மாதிரி இருக்கும்.

ஸ்டாப் மோஷன் என்றால், பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு ஃபிரேம் வேண்டும். பொம்மை மட்டும்தான் நகரவேண்டும். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் ஓட்டிப் பார்க்கும்போது மலையே குதிக்கும்.

அதனால் டிரைபாட் கால்களைச் சிமெண்ட் பலகையில் இறுக்கி, பலகையை மணல் பரப்பிய தட்டில் உட்காரவைத்தேன். செட் போட்ட மேஜையும் கேமராவும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டேன். லென்ஸ் தன் எடையிலேயே மெல்லக் கீழே சரியும் என்பதால் வளையங்களை டேப் போட்டு ஒட்டினேன். பேட்டரி மாற்ற மூடியைத் திறந்தால் கேமரா அசையும். ஆகவே கரண்ட் அடாப்டர். பட்டனைக் கையால் அழுத்துவதே கிடையாது, தள்ளி நின்று அழுத்தும் கேபிள் ரிலீஸ்தான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. எங்கள் சட்டையின் நிறம் பொம்மை மேல் அடிக்கக்கூடாது என்று இரண்டு பேருமே கறுப்பு உடை. மில்லுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, "சபரிமலைக்கா?" என்று கேட்டார்கள்.

மரவள்ளிக் காடு, பாம்பு, சிறுமி விழுவது எல்லாம் சுத்தமாக வந்தன. பிறகு அப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும் காட்சி. படத்திலேயே நீளமான ஷாட். அதை முடித்து, நிறுவனத்தில் எங்கள் வேலையைக் கவனித்துவந்த ஜெயராமன் சாருக்குப் போட்டுக் காட்டினோம். அவர் திருக்கோவிலூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் வாயில் வடிகட்டி கிடையாது.

"இன்னாங்க இது, நடுங்கிக்கினே கீது? மில்லுப் பக்கத்துல எடுக்காதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேமராவ ஒழுங்கா நிறுத்தத் தெரியலன்னா சொல்லிடுங்க, மெட்ராஸ்ல ஆள் பாக்கறேன்."

அம்சவல்லி வலது கையை மடியில் வைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சோதனை

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மில் லீவு. போல்ட்டுகளையெல்லாம் திரும்ப முறுக்கினேன். பொம்மையைத் தொடாமல், பத்தடி தள்ளி நின்று, வெறுமனே ஃபிரேம் ஃபிரேமாக எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி நின்றது. திங்கட்கிழமை மில் ஓடும்போதும் அதே மாதிரி எடுத்தேன். அப்போதும் அசையவில்லை.

பிறகு அந்த நீள ஷாட்டைப் போட்டேன். மானிட்டர் கண்ணாடி மேல் மலை உச்சிக்கு நேராக ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். பின்னால் இருந்த மரத்துக்கு ஒரு புள்ளி. அப்பனின் கை இறங்கவேண்டிய வழிக்கு ஒரு கோடு. ஓட்டினேன். மலை புள்ளியை விட்டு நகரவில்லை. மரம் நகரவில்லை. மகளைத் தாங்கியிருந்த அப்பனின் கை மட்டும் கோட்டை விட்டு மேலும் கீழும் அலைந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபடி திரும்பினேன். அம்சவல்லி எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுறது கேமரா இல்லண்ணா. என் கை" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"கொஞ்ச நாளாவே இப்டித்தான் இருக்குது. தம்ளர் நழுவுது. ஜாக்கெட்டு ஊக்கு போட முடியல. தூக்கம் கெட்டதால இருக்கும்னு வுட்டுட்டேன். ஒரு பொருள எடுத்து வச்சா, நெனச்ச எடத்துல வைக்க முடியலண்ணா."

கையை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை குழி விழுந்து போயிருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

அன்று அதற்குமேல் நாங்கள் எதையும் எடுக்கவில்லை.

தண்டபாணி

அவள் புருஷன் தண்டபாணி, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி ஓட்டுபவர். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்ததும், அவளை வீட்டில் விட்டுவிட்டு, லாரியோடு நேராகக் குடோனுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நரம்பு நோயாண்ணா. சதையெல்லாம் கரைஞ்சிக்கினே போவுமாம். கையில ஆரம்பிச்சி, பேச்சு, முழுங்கறது, மூச்சு... மருந்து கெடையாதாம். டாக்டரு அவ எதிர்லயே சொல்லிட்டாரு. அவதான் கேட்டா, மறைக்காம சொல்லுங்கன்னு."

பிறகு, "வேலைய வுடச் சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

நான் சொல்வதற்குள் மறுநாள் காலையில் அவளே வந்துவிட்டாள். கறுப்புப் புடவை கட்டியிருந்தாள்.

"வூட்ல குந்திக்கினு கையவே பாத்துக்கினு இருக்கச் சொல்றாரு. அந்தப் புள்ள இன்னும் கண்ண முழிக்கலையேண்ணா. அத முடிச்சிட்டுக் குந்திக்கிறேன்."

ஆனால் முதலில் அந்த நீள ஷாட்டைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றாள். "என் நடுக்கத்த ஊரே பாக்கணுமா?" என்று கேட்டபோதுதான் அவள் அழுது முதல் தடவையாகப் பார்த்தேன்.

சரி, பொம்மையை நானே அசைக்கிறேன் என்றேன். அவள் சொல்லச் சொல்ல நாள் முழுக்க நகர்த்தினேன். என் கை நடுங்கவில்லை. ஓட்டிப் பார்த்தோம். அப்பன் சாவி கொடுத்த பொம்மை மாதிரி நடந்தான். கையில் இருப்பது மகளா மூட்டையா என்றே தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "என்னுதே இருக்கட்டும்" என்றாள். ஜெயராமன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஷாட்டைப் பற்றி அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

கடைசிக் காட்சி ஆஸ்பத்திரிக் கட்டில். முழங்கையை ஊன்றிக்கொள்ள மேஜையோடு ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். சில நாள் ஓடியது. பிறகு விரல்கள் சிறுமியின் இமையைப் பிடிக்க முடியாமல் போயின. அப்போது தண்டபாணி லாரிக்கு மாற்று டிரைவரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்கள். பட்டாணி அளவு களிமண் இமையைப் பல்குத்தும் குச்சியால் நகர்த்தினார்.

"கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சூண்டு... போதும், கைய எடு" என்று அவள் சொல்வாள். அவர் கையை எடுப்பார். நான் கேபிளை அழுத்துவேன்.

ஒருநாள் எழுந்திருக்கும்போது அவர் கால் டிரைபாடில் இடித்துவிட்டது. கேமரா திரும்பிவிட்டது. அந்த மனுஷன் முகத்தில் இருந்த பயத்தை நான் மறக்க மாட்டேன். கம்ப்யூட்டரில் முந்தைய ஃபிரேமை நிழல் மாதிரி மேலே போட்டு, கட்டிலின் விளிம்பு விளிம்போடு பொருந்தும்வரை கேமராவை மெல்ல மெல்லத் திருப்பினேன். மத்தியானம் முழுக்க அதற்கே போனது. அம்சவல்லி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வுடுங்கண்ணா. இவரு லாரியயும் இப்டித்தான் இடிப்பாரு."

அவரும் சிரித்தார். பிறகு வெளியே போய் நின்றார். தோள்கள் குலுங்குவது ஜன்னல் துணியின் இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது.

சிறுமி கண் விழித்தாள்.

மலையில்

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊரில், பள்ளிக்கூடத்து வெள்ளைச் சுவரில் முதன்முதலாகப் படத்தைப் போட்டோம். அம்சவல்லி வர ஆசைப்பட்டாள். ஆனால் மலைப்பாதை வளைவுகளில் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொள்ள அவளால் முடியாது. தண்டபாணி அவளோடு மணலூர்பேட்டையிலேயே இருந்துவிட்டார்.

படம் முடிந்து ஜனங்கள் கலைந்தார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் போகாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மகளைப் பாம்பு கடித்துப் பாதி வழியிலேயே உயிர் போய்விட்டதென்று நிறுவனத்து நர்ஸ் என்னிடம் மெல்லச் சொன்னாள். இந்தப் படத்தில் பிள்ளை பிழைத்துவிடுகிறதே, அதை இவள் எப்படித் தாங்கினாள்?

அவளே கிட்ட வந்தாள்.

"பொம்ம செஞ்சவங்க யாருங்க?"

"ஒரு அம்மாங்க. கீழ இருக்காங்க. உடம்பு சரியில்ல."

"அந்த அப்பன் கை நடுங்குது பாத்தீங்களா? எங்க வூட்டுக்காரருக்கும் அப்டித்தாங்க நடுங்கிச்சி. புள்ளைய தூக்கிக்கினு எறங்கறப்போ பின்னாலயே போனேன். அந்தக் கையத்தான் பாத்துக்கினு போனேன். இத்தினி நாளா யாருகிட்டயும் அதச் சொன்னதில்லைங்க. அவங்களுக்கு எப்டித் தெரிஞ்சிச்சி?"

அவங்ககிட்ட சொல்லிடறேம்மா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே மணலூர்பேட்டைக்குப் போனேன். அம்சவல்லிக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. தண்டபாணிதான் எடுத்துச் சொன்னார்.

"இன்னொரு தபா சொல்லுங்கன்றா."

இன்னொரு தடவை சொன்னேன்.

அடுத்த கரும்பு வெட்டுக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்கள் கேமராவை அசையாமல் வைப்பது எப்படி என்று என்னைக் கேட்கிறார்கள். மணல், சிமெண்ட், டேப் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் ஒழுங்காக நிறுத்தினால், எது நடுங்குகிறது என்று ஒருநாள் உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் டெக்னிக் ஒன்றும் இல்லை.

போன வருடம் ஒரு எடிட்டர் பையன் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், அந்த ஒரு ஷாட்ல மட்டும் நடுக்கம் ஜாஸ்தி. இப்ப சாஃப்ட்வேர்லயே எடுத்துடலாம், கொடுங்க" என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.