நாற்பத்தொரு வாய்க்காலில் ஓர் ஆடு

மர அடிஸ்கேலைக் கணினித் திரையில் வைத்து அழுத்திக்கொண்டு, சுட்டுவிரலால் ஒவ்வொரு அடைப்புக்குறியாகத் தொட்டுக்கொண்டே போகிறார் நுஸைபா. "ரெண்டு தொறந்தா ரெண்டு மூடணும். தொறந்துட்டு எங்கடா போனே?" என்று திரையைக் கேட்கிறார். வருமானச் சான்றிதழுக்காகக் காத்து நிற்பவர்களில் யாராவது ஒருவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று பயந்துபோய், கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வருவார்.

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய இ-சேவைக் கடை. வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். கண்ணுக்கு இறங்கினால் விவகாரம் பெரியது என்று அர்த்தம். காலையிலிருந்து மதியம்வரை படிவம் நிரப்புவதுதான் பிழைப்பு. "காலியா விடாதீங்க, திரும்பி வந்துடும். ஒன்னும் இல்லேன்னா 'இல்லை'ன்னு எழுதுங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்லிவிடுவார்.

இரண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கொள்ளும். நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கும். அந்த இடைவேளையில் நுஸைபா வேறு அவதாரம் எடுக்கிறார். டெல்டாவின் வாய்க்கால்களுக்கென்று சில ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் விக்கித் தளம் ஒன்று உண்டு. வாய்க்காலுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம். அந்தப் படங்களைத் தாங்கும் வார்ப்புருவைப் பழுதுபார்ப்பவர் இவர்தான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

வார்ப்புரு என்றால் ஓர் அச்சு. வாய்க்காலின் பெயரையும் படத்தையும் கொடுத்தால் போதும். பெட்டி கட்டி, படத்தை அதில் உட்கார வைத்துவிடும். 'வெள்ளக்காலப் படம்', 'படம் எடுத்தவர்' என்று இன்னும் பதினொரு கட்டங்கள் இருக்கின்றன. அவை அவரவர் விருப்பம். இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் காலியாக விடலாம். மன்னார்குடியிலிருந்து மயிலாடுதுறைவரை ஒருவரும் இதை நம்பவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அடிபட்ட சனம், காலிக் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அத்தனை பேரும் 'இல்லை' என்று எழுதிவைத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கத்தை ஊட்டியவரே நுஸைபாதான் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

வெள்ளக்காலப் படம் கொடுத்தால், வார்ப்புரு முதல் படத்தை ஒதுக்கிவிட்டு அதைத்தான் காட்டும். 'இல்லை' என்று எழுதியதும் அது நல்ல பிள்ளையாக 'இல்லை' என்ற பெயருள்ள படத்தைத் தேடிக் கிளம்பியது. அப்படி ஒரு படம் எங்கும் கிடைக்காததால், சிவப்பு எழுத்தில் 'இல்லை' என்று பெட்டிக்குள் எழுதிவிட்டு ஓய்ந்தது. செல்போன் பழுதுபார்க்கும் அஹமது கபீர் கண்ணில் இது பட்டது. இளகிய மனசுக்காரர். சிவப்பைத் தொட்டார், அந்தப் பெயரில் படம் ஏற்றுகிறீர்களா என்று தளம் கேட்டது, போனில் இருந்ததை ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் டெல்டாவின் நாற்பத்தொரு வாய்க்கால்களிலும் அவர் வீட்டு ஆடு நின்றது. கழுத்தில் மணி, வாயில் பாதி மென்ற வேப்பங்குழை.

"ஏன் காக்கா இப்படிப் பண்ணுனீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் நுஸைபா.

"படம் இருக்கான்னு கேட்டுச்சு தங்கச்சி. கேட்ட பொறவு குடுக்காம வர்றது மரியாதையா?"

ஆட்டை நீக்கிய அன்று, "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் எடுத்தீங்க?" என்று ஆறு பேர் போன் செய்தார்கள்.

வார்ப்புருவை மாற்ற நுஸைபாவுக்கு மனமில்லை. "மனுசங்கதான் கத்துக்கணும். எழுதாம இருக்குறதுக்குக்கூடவா நான் புரோக்ராம் எழுதணும்?" என்பது அவர் கட்சி. பக்கம் பக்கமாகப் போய் 'இல்லை'களை அழித்தார். நாற்பது வாய்க்கால்களில் படம் திரும்பியது. பெத்தான் வாய்க்கால் மட்டும் வழிக்கு வரவில்லை. இவர் இரண்டு மணிக்கு அழித்தால், இரண்டேகாலுக்கு அதே இடத்தில் 'இல்லை' மறுபடி முளைத்திருக்கும். அழித்தார், முளைத்தது. ஏழு நாள் இப்படியே நடந்தது. அந்த 'இல்லை'யின் சொந்தக்காரர் கடைமடை விவசாயி கண்ணுசாமி.

விளையாட்டு விஷயமில்லை. மேட்டூர் திறப்பதற்குள் எந்தெந்த வாய்க்காலைத் தூர்வாருவது என்று பொறியாளர் பட்டியல் போடவேண்டும். அதற்காக இந்தப் பக்கங்களை அச்செடுத்துத் திங்கட்கிழமை அவரிடம் கொடுப்பதாக விவசாயிகள் முடிவு செய்திருந்தார்கள். படம் தெரியாத வாய்க்காலை யார் சேர்ப்பார்? பெத்தான் வாய்க்காலில் ஆளுயரத்துக்குக் கோரை மண்டிக் கிடக்கிறது. இந்த வருஷமும் தூர்வாராவிட்டால் கண்ணுசாமியின் மூன்று மா நிலத்தைத் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காது.

சனிக்கிழமை அவரைக் கடைக்கே வரச்சொன்னார் நுஸைபா. மூக்குக்கண்ணாடி கண்ணுக்கு இறங்கியிருந்தது.

"காலியா விடுங்கண்ணே. உங்க படம் வரணுமா வேணாமா?"

"வரணும்மா. ஆனா காலியா விடமாட்டேன்."

"என்னண்ணே வீம்பு இது? தண்ணி யாருக்கு, எனக்கா?"

கண்ணுசாமி கையிலிருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். "வீம்பு இல்லம்மா. வாய்க்கால் வெட்டச் சம்மதம்னு சொல்லி எங்கப்பன்கிட்ட வெத்துத் தாள்ல கைநாட்டு வாங்குனாங்க. மறுவருசம் பாத்தா, எங்க ரெண்டு மா நெலத்தை அவரே எழுதிக் குடுத்துட்டாருன்னு அந்தத் தாள்ல இருக்கு. கீழ அவரு ரேகை அழியாம அப்படியே இருக்கு. காலியா விட்டா எவனாவது வந்து எழுதிட்டுப் போயிடுவாம்மா. நீங்களே பாத்தீங்கல்ல, ஆட்டைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்களே!"

ஆடு வந்தது காலி இடத்தில் இல்லை, 'இல்லை' என்று எழுதிய இடத்தில்தான் என்று சொல்ல வாயெடுத்தார் நுஸைபா. சொல்லாமல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். ஏழு நாளாக ஒரு மனிதர் வேலி கட்டியிருக்கிறார், தான் அதை ஏழு தடவை பிடுங்கிப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

வார்ப்புருவைத் திறந்தார். இனி மனிதர்கள் கற்க வேண்டாம், அது கற்கட்டும். 'இல்லை', 'இல்ல', 'கிடையாது', 'பொருந்தாது', 'தெரியாது', 'பிறகு தருகிறேன்', 'மச்சானிடம் உள்ளது' என்று சனங்கள் அதுவரை எழுதிவைத்த இருபத்து மூன்று வகை மறுப்புகளையும் பொறுக்கி எடுத்தார். இவற்றில் எதைக் கண்டாலும் படத்தைத் தேடிக் கிளம்பாதே, முதல் படத்தையே காட்டு, எழுதியதையும் அழிக்காதே என்று அதற்கு எழுதினார். சேமித்தார். டெல்டாவின் அத்தனை வாய்க்கால்களும் திரையிலிருந்து மறைந்தன. அடிஸ்கேல் ஏறியது. "தொறந்துட்டு எங்கடா போனே?" கண்ணுசாமி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மச்சானுக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி குறைந்திருந்தது.

நாலு மணிக்குப் பெத்தான் வாய்க்கால் வந்துவிட்டது. கோரை, சேறு, கரையில் கழற்றிவிட்ட கண்ணுசாமியின் செருப்பு, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. பெட்டிக்குள் அவர் எழுதிய 'இல்லை'யும் அழியாமல் இருந்தது. கண்ணுசாமி அதைத்தான் முதலில் தேடிப் படித்தார்.

அச்சு எடுத்துக் கொடுத்தார் நுஸைபா. தாளின் மேல்பாதியில் வாய்க்கால், கீழ்ப்பாதி வெள்ளை. நீட்டிய தாளைக் கண்ணுசாமி வாங்கவில்லை. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நுஸைபா திரையிலிருந்து அடிஸ்கேலை எடுத்தார். வெள்ளைப் பகுதியில் மூலைக்கு மூலை குறுக்கே வைத்து, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, தாளை மறுபடி நீட்டினார்.