பாடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள்

புதுவயலில் அரிசி ஆலை ஒன்றின் பின்புறம் வரிசையாக ஒன்பது வீடுகள். எல்லாம் ஆலைக்குச் சொந்தம். நான்காவது வீட்டில் நாகஜோதி இருந்தாள். பகலில் களத்தில் நெல் கிண்டுவாள். கணவர் ஆசைத்தம்பி அதே ஆலையில் லாரி ஓட்டினார். சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு நாகஜோதியைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அவள் பாட்டில் பொய் இருக்காது என்று பேர்.

போன தை மாதம் நெல் அவிக்கும் இடத்தில் நீராவிக் குழாய் வெடித்தது. அங்கே வேலை பார்த்த கருப்பம்மாள் வெந்துபோய், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளுடைய கவனக்குறைவுதான் என்றது ஆலை. குழாய் ஒழுகுவதாக அவள் ஒரு வாரமாகச் சொன்னதும், மேனேஜர் அதில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டச் சொன்னதும் களத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் நாகஜோதி பாடினாள்.

‘ஆவி ஒழுகுதுன்னு அன்னைக்கே சொன்னியே
சாக்க வச்சுக் கட்டிப்புட்டுச் சாகவச்சுப் புட்டாகளே...’

யாரோ போனில் பிடித்து அனுப்ப, பாட்டு காரைக்குடி வரை போனது. இரண்டு நாளில் போலீஸ் வந்தது. மக்களைத் தூண்டுகிறாளாம். ஓராண்டுக்குக் கூட்டத்தில் பாடமாட்டேன் என்று பாண்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“நான் என்ன பொய்யா பாடுனேன்? நீகளே சொல்லுங்க” என்று கணவரிடம் கேட்டாள்.

“பொய்னு யாரு சொன்னா? வீடும் அவுக வீடு, வண்டியும் அவுக வண்டி. நாம எங்குட்டுப் போறது?”

தாலுகா ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பின் துக்க வீடுகளுக்குப் போனால் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தினமும் வேலைக்கு நுழையும்போது மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்பார், “என்ன நாகஜோதி, தொண்டை எப்படி இருக்கு?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கருப்பம்மாளின் மகள் சௌபர்ணிகா வந்தாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். பாதியாக இளைத்திருந்தாள்.

“அத்தை, எனக்கு அழுகையே வரமாட்டேங்குது. அம்மா காரியத்தன்னைக்கு மயங்கிக் கெடந்தேன். அந்தப் பாட்ட போன்ல கேட்டும் வரல. நேருல ஒருக்கப் பாடுங்க.”

“எழுதிக் கொடுத்திருக்கேன்டி. செவத்துக்கு அங்குட்டு மேனேஜர் ஆளு இருக்கான்.”

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். அந்த வெக்கையில் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. எத்தனை முறை முயன்றும் குரல் எழவில்லை. தாலுகா ஆபீஸில் போட்ட கையெழுத்து தனக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டதை அப்போதுதான் உணர்ந்தாள்.

சுவர் வழியே பேச்சைக் கேட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இருவரையும் பார்த்தாள். “இவதானே பாடக்கூடாது? என்கிட்ட யாரும் எழுதி வாங்கலையே” என்றவள் தரையில் உட்கார்ந்து, தாளம் தப்பிய கரகரத்த குரலில் அந்தப் பாட்டைத் தொடங்கினாள். சத்தம் கேட்டு வரிசை வீடுகளிலிருந்து இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள். அடுத்த அடி தெரியாதபோது ஒவ்வொருத்தியும் தான் கண்டதையே சேர்த்தாள். சாக்கைக் கட்டிய கை யாருடையது, கருப்பம்மாள் கடைசியாக எந்தப் பக்கம் ஓடினாள் என்பதெல்லாம் பாட்டில் வந்தது. சௌபர்ணிகா நாகஜோதியின் மடியில் விழுந்து கதறினாள். வாய் திறக்காமல், ஒரு கையால் தன் மார்பில் அடித்துக்கொண்டே மற்றொரு கையால் அவள் தலையைத் தடவினாள் நாகஜோதி.

அந்தப் பாட்டில் வந்ததையெல்லாம் சௌபர்ணிகா மனுவாக எழுதிக் கலெக்டரிடம் கொடுத்தாள். ஐந்து பெண்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். குழாய்கள் மாற்றப்பட்டன. வழக்கு நடக்கிறது. அக்கம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் இப்போது வேறு ஆலைக்குப் போகிறாள்.

மனுவில் நாகஜோதியின் பெயர் இல்லை. பாண்டு முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஞாயிறுதோறும் பெண்கள் அவள் வீட்டில் கூடி அவரவர் துக்கத்தைப் பாடிவிட்டு, முகம் கழுவிப் போகிறார்கள். அவள் கதவருகே உட்கார்ந்து, வெளியே யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.