சீர்வரிசையில் ஒரு ஜூடோ சட்டை

தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள் வைத்திருந்த மேஜை அது. பழம், வளையல், லட்டு, மாம்பழ நிறத்தில் பட்டுப் பாவாடை தாவணி. எல்லாவற்றுக்கும் நடுவே நீலக் காகிதம் சுற்றிய, தலையணை அளவு பொட்டலம் ஒன்று. படத்தில் அழகாக விழவில்லை என்று வீடியோக்காரர் அதைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். நான் எடுத்து மறுபடி நடுவில் வைத்தேன். அவர் முறைத்தார், நானும் முறைத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கெட்டியான வெள்ளைப் பருத்தியில் தைத்த ஜூடோ சட்டை. முதுகில் என் தம்பி மகளின் பெயரைக் கறுப்பு நூலால் பின்னியிருந்தார்கள். அந்த ஹாலில் மின்னிய பட்டுத்துணியையும் தங்கத்தையும்விட அதற்குத்தான் மதிப்பு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அதையேதான் சொல்வேன்.

டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் ஒரு பார்ட்டி ஹாலில், தம்பி தன் மகளுக்கு நடத்திய ஹாஃப் ஸாரி ஃபங்ஷன் அது. ஊரில் மஞ்சள் நீராட்டு என்று சொல்வோமே, அதேதான். சட்டையைக் கொண்டுவந்தவர் அவளுக்கு ஜூடோ கற்றுக்கொடுத்த பிரேசில்காரப் பெண்மணி. ஜூடோவில் ஆசிரியரை சென்சே என்று அழைப்பார்கள். தம்பியும் அவன் மனைவியும் ஆபீஸிலிருந்து திரும்ப நேரமாகும் என்பதால் பெண்ணைக் கிளாஸுக்குக் கூட்டிப்போய் வந்தவள் நான். காத்திருந்த நேரத்தில் பேசிப் பேசி, எனக்கும் அவர் சென்சே ஆகிவிட்டார்.

அறுபதைத் தாண்டியவர். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கும். பாயில் உராய்ந்து உராய்ந்து காதுகள் இரண்டும் குழிப்பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். அவர் சிறுமியாக இருந்தபோது பிரேசிலில் பெண்கள் ஜூடோ ஆடக்கூடாது என்று சட்டமே இருந்ததாம். பெண்ணின் இயல்புக்கு ஒத்துவராதாம்! யாருடைய இயல்பு எது என்று எழுதிவைக்க இவர்கள் யார்? அண்ணனுக்குத் துணையாகப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருக்கிறார். முதல் போட்டியில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு அண்ணன் பெயரில் ஆடி ஜெயித்தார். அந்தப் பதக்கம் அண்ணன் கழுத்தில் ஏறியது. பிறகு சட்டம் போனது. சொந்தப் பெயரில் தேசிய சாம்பியன் ஆனார், அடுத்து தென்னமெரிக்க சாம்பியன். உலகப் போட்டிகள் பெண்களுக்குக் கதவைத் திறந்த காலத்தில் அவருடைய முழங்கால் கெட்டுவிட்டது. பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பித்தால், அவரிடம் தோற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தடிக்கும். டெக்சாஸுக்கு வந்து, இந்திய மளிகைக்கடைக்குப் பின்னால் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்தது பெண் பிள்ளைகளுக்காகத்தான். பையன்களும் வருவார்கள். ஆனால் அவர் கண் எப்போதும் பெண்கள் மேலேயே இருக்கும்.

நம் வீட்டுப் பெண் குழந்தைகளிடம் ஒரு பழக்கம். யாரையாவது தூக்கிப் பாயில் போட்டதும் உடனே "ஸாரி, ஸாரி" என்பார்கள். சென்சேக்கு அதுதான் ஆகாது. "ஜெயித்ததற்கு எதற்கு மன்னிப்பு? யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்பார். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தாய்ப்பாலோடு வருவது என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் தம்பி மகளை அந்த ஸாரியிலிருந்து மீட்டெடுக்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் தன்னைவிடத் தடியான பையன் ஒருவனைத் தோளுக்கு மேலே சுழற்றிப் போட்டுவிட்டு, அவள் சும்மா நின்று மூச்சு வாங்கினாள். வாயே திறக்கவில்லை. சென்சே என் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாநிலப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தது அந்த வாரம்தான்.

அடுத்த மாதமே அவள் பெரியவளானாள். தம்பி சென்சேக்கும் பத்திரிகை வைத்தான். மகள் பெண்மையை அடைந்ததைக் கொண்டாடுகிறோம் என்று அதில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. சென்சே அதை அப்படியே நம்பிவிட்டார். "எனக்கு இது நடந்தபோது என் அம்மா வெளியே மூச்சுவிடவில்லை. நீங்கள் மேடை போட்டுக் கொண்டாடுகிறீர்களே, எப்பேர்ப்பட்ட ஜனங்கள்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை அளவிலிருந்து பெரியவர்கள் அளவுக்கு மாறும் நேரம் என்று சொல்லி, அந்தச் சட்டையைத் தைக்கக் கொடுத்தார். பதவி உயர்வு விழா என்று நினைத்துக்கொண்டுதான் பாவம் அவர் வந்தார். நானும் வாயெல்லாம் பல்லாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆரத்தி முடிந்ததும் தம்பி மைக்கைப் பிடித்தான். எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தவன், சென்சேக்காக இங்கிலீஷுக்கு மாறினான். இத்தனை நாள் ஜூடோ கற்றுக்கொடுத்ததற்கு நன்றி, மகள் இனிமேல் பரதநாட்டியத்தில் கவனம் செலுத்துவாள் என்றான். ஹாலே கைதட்டியது. மேடையில் அந்தப் பெண் தாவணி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே போய்த் தம்பியைத் தனியாக இழுத்தேன்.

"என்னடா இது? போட்டிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்ல!"

"அக்கா, அவ ஏஜ் அட்டெண்ட் பண்ணிட்டா. இனிமே பசங்களோட கட்டிப் பொரண்டா நல்லாவா இருக்கும்? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"யாருடா அந்த நாலு பேர்? ஃபிரிஸ்கோவுல எந்தத் தெருவுல இருக்காங்க? அட்ரஸ் குடு, நானே போய்க் கேட்டுட்டு வரேன்."

"நீ சும்மா இருக்கா. சீன் கிரியேட் பண்ணாத."

பின்னால் சென்சே வந்து நின்றிருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் அவருக்குப் புரிந்திருந்தது. போட்டிவரையாவது விடுங்கள் என்று கேட்டார். கெஞ்சித்தான் கேட்டார், தென்னமெரிக்காவின் சாம்பியன். தம்பி கையைக் கூப்பி, "ப்ளீஸ் ஹாவ் லன்ச், மேடம்" என்றான். சென்சே பஃபே வரிசையையும் மேடையில் இருந்த பெண்ணையும் ஒருமுறை பார்த்தார். "என் நாட்டில் இதைச் செய்ய அவர்களுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. நீங்கள் விருந்து வைத்தே முடித்துவிட்டீர்கள்" என்றார். சாப்பிடாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கிளம்பிய பேச்சு இருக்கிறதே! வந்த இடத்தில் மரியாதை தெரியவில்லையாம். வெள்ளைக்காரிக்கு நம் கல்ச்சர் என்ன தெரியும் என்றாள் ஒருத்தி. அவர் என்னைவிடக் கறுப்பு, கண்ணைத் திறந்து பாருங்கள் என்று நான் கத்தினேன். ஒவ்வொரு வீடாகப் பெண் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒருத்தருக்கு டான்ஸ், இன்னொருத்தருக்கு கணக்கு டியூஷன். உண்மைக் காரணத்தைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பெண்கள் இல்லாத வகுப்பை நடத்த சென்சேக்கு மனம் வரவில்லை. ஹாலைக் காலி செய்துவிட்டு நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று பாய்களைச் சுருட்ட நான் போயிருந்தேன். தம்பியை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அவளுக்கு இடது கால் வேகம் அதிகம்" என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் மகளிர் தினத்துக்கு எங்கள் பகுதித் தமிழர்கள் ஸ்கூல் ஹால் ஒன்றை எடுத்து, பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று ஏற்பாடு செய்தார்கள். காலம் கெட்டுக்கிடக்கிறது, பெண் பிள்ளைகள் தைரியமாக இருக்க வேண்டும் என்று மேடையில் முழங்கியவர்களைப் பார்த்தேன். அன்றைக்கு வரிசையாக வகுப்பை நிறுத்திய அதே அப்பாக்கள்! பயிற்சி கொடுக்க வந்தது ஒரு ஆண். ரப்பர் பாய் விரித்து, இதற்கு முன்னால் யாராவது ஏதாவது கற்றிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் என் தம்பி மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயது. இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. அவள் கையைத் தூக்கவில்லை.

பயிற்சியாளர் அவளைத்தான் முதலில் பாய்க்குக் கூப்பிட்டார். மணிக்கட்டை எப்படிப் பிடிப்பது என்று அவர் காட்டத் தொடங்கும்போது, அவள் தயங்கி நின்று, தவறு செய்தவள் மாதிரி மெல்ல "ஸாரி" என்றாள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த தம்பி அங்கிருந்தே சிரித்தபடி சொன்னான்: "கொஞ்சம் மெதுவா சொல்லிக்குடுங்க சார், அவளுக்கு இதெல்லாம் புதுசு."

"பொய்!" என்றேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். இவள் எதில் கெட்டி, யாரிடம் கற்றாள், எந்தப் போட்டிக்கு முன்னால் யார் நிறுத்தினார்கள் என்று சென்சேயின் முழுப்பெயரோடு, அவர் வாங்கிய பட்டங்களோடு, மைக் இல்லாமலே சொல்லி முடித்தேன். தம்பி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவன் மகள் பேசுகிறாள். நேற்று போன் செய்து, நியூஜெர்சி நம்பர் இருக்கிறதா அத்தை என்று கேட்டாள்.